மூன்றாவது ரீல்

ஜூன் 9, திங்கள்

சாலிகிராமம் போய் வந்தேன். முபாரக் என்பவர் ஆறு பழைய ஜப்பானியப் படங்களின் உரிமையை வாங்கியிருக்கிறார். மூன்று வாள்வீரர் படங்கள், மூன்று பேய்ப் படங்கள். தமிழ் வசன வரிகளோடு டிஸ்க்காக ஒரே பெட்டியில் போட்டு விற்கப்போகிறார். வீட்டிலிருந்து பார்க்க எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது யார் டிஸ்க் வாங்குவார்கள் என்று கேட்டேன்.

"வாங்குறவங்க வாங்குவாங்க மேடம். பேய்க்கு எப்பவும் மார்க்கெட் உண்டு" என்றார். "நேரா ஜப்பான்ல இருந்து தமிழ். நடுவுல இங்கிலீஷ் கிடையாது. அட்டை மேலயே போடப்போறேன்."

எனக்கு அந்த மொழியில் பட்டம் இருக்கிறது. ஒசாகாவில் வேலை பார்த்த அனுபவமும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்கு அதைத்தான் கற்பிக்கிறேன். ஒப்புக்கொண்டேன். கிளம்பும்போது சொன்னார்: படம் ஓடும்போது கூடவே விளக்கிப் பேசும் குரல்பதிவையும், பெட்டிக்குள் வைக்கும் கையேட்டையும் டாக்டர் அறவாழி செய்கிறார்.

"அவரைத் தெரியுமா மேடம்?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்தால் மோட்டார் ஓடவில்லை. மேல்தொட்டி காலி. கீழ்வீட்டிலிருந்து ஒரு குடம் வாங்கிச் சமைத்தேன்.

ஜூன் 18, புதன்

வாள்வீரர் படங்கள் முடிந்தன. இந்த மனிதர்கள் பேசுவது குறைவு, அதனால் என் வேலையும் குறைவு. வெட்டுவதற்கு முன் நின்று, தன் பெயர், ஊர், எந்தக் குற்றத்துக்காக வெட்டுகிறேன் என்பதைச் சொல்லிவிட்டு வெட்டுகிறார்கள். பழிவாங்குவதற்கு அரசாங்கத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிற ஒருவன்கூட உண்டு. நம் தாலுகா அலுவலகங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

படங்களை ஒட்டிச் சேர்ப்பவள் எஸ்தர். நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாது. நான் வசன வரிகளைக் காட்சியோடு பொருத்தும்போது பக்கத்து நாற்காலியில் இருந்தபடி கூடவே கதை சொல்வாள்.

"என்னக்கா இவன், செத்துட்டே இவ்ளோ நேரம் பேசுறான்? எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தே இவ்ளோ பேசமாட்டாரு."

அவளிடம் பேச எனக்கு ஒன்றும் இருப்பதில்லை. அவளுக்கு அது குறையாகவும் தெரிவதில்லை. மதியம் அவள் கொண்டுவந்த மீன் குழம்பில் பாதியை என் டப்பாவில் ஊற்றிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

முதல் பேய்ப் படம், "உப்புக் கிடங்கு". கறுப்பு வெள்ளை. கடலோரச் சிற்றூரில் ஜின்பெய் என்று ஓர் ஏழை வாள்வீரன். மனைவி ஓசுமி மீன் காயப்போட்டு அவனுக்குச் சோறு போடுகிறாள். அரண்மனைக் காரியக்காரர் தன் மகளை அவனுக்குத் தர முன்வருகிறார். எதிரிகள் தேடி வருவதாகச் சொல்லி, ஓசுமியை உப்புக் கிடங்கில் ஒளியச் சொல்கிறான் ஜின்பெய். வெளியே தாழ் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவள் உள்ளேயே சாகிறாள்.

எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தப் பேய் அலறுவதில்லை, தலையை விரித்துப் போடுவதில்லை. இரண்டாம் திருமண விருந்தில் சோறு, சூப், சாக்கே என்ற அரிசி மது எல்லாமே மாப்பிள்ளைக்கு மட்டும் உப்புக் கரிக்கிறது. மற்றவர்கள் ருசித்துச் சாப்பிடுகிறார்கள். அவன் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் காட்சியைத் தேவைக்கு மேல் சில தடவை ஓட்டிப் பார்த்தேன். வசனம் சரியாகக் கேட்கவில்லை என்பது காரணம்.

ஜூலை 5, சனி

இதை எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டால் மனதில் மறுபடி ஓடாது என்பதால் எழுதுகிறேன்.

படித்து முடித்த புதிதில், நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடியறையில் திரைப்படச் சங்கம் இருந்தது. ஜப்பானியப் படங்கள் வசன வரிகள் இல்லாமல் வரும். நான் கடைசி வரிசையில் மைக்கை வைத்துக்கொண்டு வசனங்களைத் தமிழில் சொல்வேன். அறவாழி சங்கத்தின் செயலாளர். படம் முடிந்ததும் பஸ் நிறுத்தம்வரை வருவார். அந்த வசனத்தை மறுபடி சொல், அந்த இடத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே நிற்பார். நான் சொல்வேன். பல பஸ்களை விட்டிருக்கிறோம். அவர் எதையும் குறித்துக்கொண்டதில்லை, நல்ல ஞாபகசக்தி.

பிறகு ஜப்பானிய சினிமா பற்றி அவருடைய புத்தகம் வந்தது. பஸ் நிறுத்தத்தில் நான் சொன்ன வாக்கியங்கள், நான் சொன்ன விளக்கங்கள், ஓர் எழுத்து மாறாமல் இருந்தன. "மூலமொழியிலேயே பயின்று சுவைத்தவை" என்று முன்னுரை. நன்றி சொன்ன இடத்தில் பதிப்பாளர் இருந்தார், பதிப்பாளரின் மகள் இருந்தாள். அதே மாதம் அவளோடு அவனுக்குத் திருமணம். அழைப்பிதழை வீட்டுக்கே வந்து கொடுத்தான். அம்மா அவனுக்குக் காபி கொடுத்தாள், பிறகு சில நாட்கள் யாரோடும் பேசவில்லை. அது வேறு விஷயம்.

எனக்கு ஒசாகாவில் வேலை கிடைத்தது.

ஜூலை 16, புதன்

ஒட்டிய "உப்புக் கிடங்கு" படத்தை இன்றுதான் தொடர்ச்சியாகப் பார்த்தேன். இதுவரை ரீல் ரீலாகத்தான் செய்தேன். ஒரு ரீலில் ஒலி கரகரவென்று இருந்ததால் அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அதனால் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

மூன்றாவதாக வரவேண்டிய ரீல் நான்காவதாக வருகிறது, நான்காவது, மூன்றாவதாக. அதாவது, ஓசுமியைக் கிடங்கில் பூட்டுவதற்கு முன்பே இரண்டாம் கல்யாணம் நடந்துவிடுகிறது. அவள் சாகும் முன்பே ஆவியாக வாசலில் ஈரத்தோடு நிற்கிறாள்.

ஸ்கேன் செய்து வந்த மூலக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ரீலின் தலையிலும் கொஞ்சம் கறுப்புப் பகுதி இருக்கும். அதில் ரீல் எண்ணை ஜப்பானிய எழுத்தில் கையால் எழுதியிருப்பார்கள். நான்காம் கோப்பின் தலையில் மூன்று என்று எழுதியிருக்கிறது. எப்போதோ யாரோ ரீல்களை டப்பா மாற்றி வைத்திருக்கிறார்கள். டப்பா மேலிருந்த எண்ணை வைத்துக் கோப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எஸ்தருக்கு அந்த எழுத்து தெரியாது. கோப்பின் பெயர் வரிசைப்படி ஒட்டிவிட்டு, வழக்கம்போலத் தலைகளை வெட்டியிருக்கிறாள்.

அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் அறவாழியின் குரல்பதிவு ஏற்கெனவே முடிந்துவிட்டது நினைவுக்கு வந்தது. மதுரைக் கருத்தரங்குக்குப் போகும் அவசரத்தில், என் தமிழ் வரிகள் வருவதற்கு முன்பே பேசிக் கொடுத்துவிட்டார். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

"மரணத்துக்கு முன்பே ஆவி வந்து நிற்கிறது. காலத்தின் முதுகெலும்பை முறித்துப் போடுகிறான் கலைஞன். மேற்குலகம் கனவிலும் கண்டிராத துணிச்சல் இது. மூலமொழியில் கேட்பவருக்கே இதன் நுட்பம் பிடிபடும்."

சிரிப்பு வந்தது. எஸ்தர் திரும்பிப் பார்த்ததால் இருமினேன்.

ஜூலை 17, வியாழன்

மாவு அரைத்தேன். மோட்டாருக்குக் கம்பிச்சுருள் புதிதாகக் கட்ட வேண்டுமாம். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன்: மொழிபெயர்ப்பு, வரிகளைப் பொருத்துதல். ரீல் வரிசை என் வேலையில் சேராது.

ஜூலை 22, செவ்வாய்

டீ வாங்கி வந்த எஸ்தர், கப்பை நீட்டியபடியே கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இந்த உப்புப் படத்துல ஒவ்வொரு ரீல் தலைலயும் கோடு கோடா ஏதோ எழுதியிருந்துச்சு. நான்பாட்டுக்கு வெட்டிட்டேன். கல்யாணம் முன்னாடியே வருது, எனக்கென்னமோ கொழப்பமாவே இருக்கு. டாக்டரு என்னமோ முதுகெலும்புங்கறாரு. நீங்க படிச்சவங்க, எழுதினதைப் பாத்தீங்கல்ல? ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல எஸ்தர்."

"அப்பாடா. நீங்க சொன்னா சரிதான்."

டீயில் சர்க்கரை அதிகம்.

ஜூலை 30, புதன்

ஸ்டூடியோவில் அவரைப் பார்த்தேன். நேருக்கு நேர்.

"இந்திராணி! நீ அங்கயே செட்டில் ஆயிட்டேன்னுல்ல நெனச்சேன்? தலையெல்லாம் நரைச்சிடுச்சேம்மா."

"உங்களுக்கு ஒண்ணுகூட நரைக்கல."

எஸ்தர் சட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சாயம் அவன் காதோரத்திலும் நெற்றியிலும்கூட இருந்தது.

முபாரக் தயங்கித் தயங்கி, "டாக்டர், அந்தக் கல்யாணம் முன்னாடி வர்றது... பாக்குறவங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டார். அறவாழி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்தது: பஸ் நிறுத்தத்தில் நிற்கிற அதே பார்வை. நான் சொல்ல வேண்டும், அவர் வாங்கிக்கொள்வார்.

"நீங்க பேசினதைக் கேட்டேன்" என்றேன். "சாவுக்கு முன்னாடி ஆவி வர்றதப் பத்தி. அதுதான் படத்தோட உயிர். பேச்சோட விட்டுடாதீங்க. கையேட்டுல முதல் கட்டுரையா எழுதுங்க. வெளியீட்டு விழாலயும் அதையே பேசுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா முபாரக்? இவ எப்பவும் சரியான எடத்தத் தொடுவா."

அத்தனை வருடங்களில் நான் அவனுக்குச் சொன்ன முதல் பொய். எவ்வளவு எளிதாக விழுங்கினான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முபாரக் போன் செய்தார். இயக்குநரின் மகள் மொரிகாவா அம்மையார் விழாவுக்கு வருகிறார். "உப்புக் கிடங்கு" முழுப் படமும் திரையிட்ட பிறகு மேடையில் பேசுவார். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

அப்பாவின் படம் மகளுக்குத் தெரியாமலிருக்காது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். அவர் சொல்வதைத் தமிழில் சொன்னால் போதும். அறவாழி முகம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மோட்டார் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

டிஸ்க்குகள் அச்சாகி வந்துவிட்டன. எஸ்தர் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கக்கா, படத்தொகுப்பு எஸ்தர் ராஜம். இத்தினி வருசத்துல மொத தடவ என் பேரு அச்சுல வருது. எல்லாரும் பசங்க பேரத்தான் போடுவாங்க. எங்கம்மாவ விழாவுக்குக் கூட்டியாறேன். அதுக்கு இங்கிலீஷும் தெரியாது, ஜப்பானும் தெரியாது, தமிழே பாதி காதுல விழாது. இருந்தாலும் வரட்டும்."

"கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். பெட்டிகள் கிடங்கிலேயேதான் இருந்தன. சொல்லியிருந்தால் அவன் கட்டுரையை எடுத்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்திருப்பான். யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் விழா. ஆழ்வார்பேட்டையில் ஓர் அரங்கம், நல்ல கூட்டம். எஸ்தர் பட்டுப்புடவையில் இரண்டாம் வரிசையில், பக்கத்தில் அவள் அம்மா.

படம் ஓடியது. மொரிகாவா அம்மையார் என் பக்கத்தில் கைகளை மடியில் கோத்து அமர்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. கல்யாண விருந்து வந்ததும் அவர் கைகள் பிரிந்தன. பிறகு கோத்துக்கொள்ளவில்லை.

அறவாழி பேசினார். முதுகெலும்பு, துணிச்சல், மேற்குலகம் எல்லாம் வந்தன. கட்டுரையை விட நன்றாகப் பேசினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அம்மையார் எழுந்து குனிந்து வணங்கினார். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"இவ்வளவு தூரம் என்னை அழைத்ததற்கு நன்றி. என் அப்பாவின் படம் இந்த மொழியில் பேசுவதைக் கேட்டது மகிழ்ச்சி. ஆனால் வருத்தத்தோடு சொல்கிறேன். மூன்றாவது ரீலும் நான்காவது ரீலும் இடம் மாறியிருக்கின்றன. என் அப்பா அப்படி எடுக்கவில்லை. அவர் வரிசையாகத்தான் கதை சொன்னார். இது தவறுதலாக ஒட்டப்பட்டிருக்கிறது."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ, "அப்ப முதுகெலும்பு?" என்றார். அரங்கம் சிரித்தது. நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தது. நான் அறவாழியைப் பார்த்தேன். முகம் வெளிறி, வாய் பாதி திறந்திருந்தது. இதைத்தான் நான் கேட்டிருந்தேன். கிடைத்தது.

நெடுநேரம் நீடிக்கவில்லை. அவர் மைக்கை எடுத்தார்.

"நண்பர்களே, எனக்கு இந்தச் சந்தேகம் ஆரம்பத்துலயே உண்டு. முபாரக்கிட்டகூட கேட்டேன். டெக்னிக்கல் ஆளுங்க வேலையில நாம தலையிட முடியாது பாருங்க. படிப்பறிவு இல்லாதவங்க கையில ஒரு மாபெரும் கலைப்படைப்பைக் கொடுத்தா இதுதான் நடக்கும்."

முபாரக் எழுந்துவிட்டார். அறவாழி தன்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதைச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. கோபம் வேறு பக்கம் போனது. "எஸ்தர், என்னம்மா இது? இத்தன பேரு முன்னாடி..."

எஸ்தர் எழுந்து நின்றாள். அவள் அம்மா ஒன்றும் காதில் விழாமல், மகளை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினாள்.

"நான் இந்திராணி அக்காகிட்ட கேட்டேன் சார். தலைல எழுதியிருக்குதே என்னான்னு. ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சொன்னீங்கல்லக்கா?"

மைக் என் கையில் இருந்தது. ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். என் பேச்சைத்தான் நம்பியிருப்பார்கள்.

"கேட்டாங்க" என்றேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். எஸ்தர் மேல தப்பு இல்ல."

"ஏன் மேடம்?" என்றார் முபாரக். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"இவர் பேசணும்னு. இவருக்கு ஒரு வார்த்தை ஜப்பான் மொழி தெரியாது. இவர் புத்தகத்துல இருக்கிற வசனமெல்லாம் நான் சொன்னது. இது எல்லாருக்கும் தெரியணும்னுதான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அறவாழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கனிவாக, "பாவம்" என்றார்.

மொரிகாவா அம்மையார் என் புடவை ஓரத்தை மெல்லத் தொட்டார். என்ன நடக்கிறது என்று கேட்டார். வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை. நான் செய்ததை நானே அவர் மொழியில் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். எஸ்தரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என் அப்பாவின் படத்தில், ஓசுமி யார் சாப்பாட்டில் உப்புப் போட்டாள்?" என்றார். "ஒரே ஓர் ஆள் சாப்பாட்டில்."

முபாரக் என்னிடம், "என்ன சொல்றாங்க?" என்றார்.

அதை நான் தமிழில் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

வெளியே போகவில்லை. அலமாரியை ஒழித்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அறவாழியின் கட்டுரை ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறது. தலைப்பு: "தற்செயலின் அழகியல்". இடம் மாறிய ரீல்கள் இயக்குநருக்கே தெரியாத இன்னொரு படத்தை உருவாக்கிவிட்டனவாம். அதை முதலில் கண்டுகொண்டது தமிழ்ச் சூழல்தானாம். ஒரு பத்தியில் "தனிப்பட்ட மனக்கசப்பால் நிதானம் இழந்த ஒரு முன்னாள் தோழி" வருகிறாள். அவளை மன்னித்துவிட்டாராம்.

தவறான டிஸ்க்கைத் தேடி வாங்குகிறார்கள் என்று முபாரக் போனில் சொன்னார். மகிழ்ச்சியை மறைக்க முயன்றார், முடியவில்லை. எஸ்தரை அவர் நீக்கவில்லை. சரியான வரிசையில் புதிதாக ஒட்டுகிறார்களாம். அதற்கு நான் குரல்பதிவு பேச வேண்டும்.

"நானா?"

"அந்தம்மா அப்படித்தான் கண்டிஷன் போட்டிருக்காங்க மேடம். மொழி தெரிஞ்சவங்கதான் பேசணுமாம். ஊர்ல வேற ஆள் எனக்குத் தெரியல. எனக்கு வேற வழியில்ல."

அறவாழி விஷயத்தில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் மறுபடி செய்வேன். அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. இரண்டாம் வரிசையில் ஒரு வயதான பெண் கைதட்டிய சத்தமும் இருக்கிறது. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் கேட்க முடியவில்லை.

அக்டோபர் 4, சனி

வகுப்பை ரத்து செய்துவிட்டுப் பதிவுக்குப் போனேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எஸ்தர். இந்தப் பக்கம் நான், ஒரு மைக், ஒரு சின்னத் திரை. எஸ்தரிடம் பேச வேண்டியதை வரும் வழியெல்லாம் ஆட்டோவில் சொல்லிப் பார்த்திருந்தேன். "எஸ்தர்" என்று ஆரம்பித்தேன்.

"ஹெட்போனை மாட்டிக்கங்க மேடம்."

இதுவரை அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

மாட்டிக்கொண்டேன். அவள் குரல் காதுக்குள் தெளிவாக, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வந்தது. "மூணாவது ரீல்ல இருந்து ஆரம்பிக்கலாம். முபாரக் சார் சொன்னாரு. ஓடுது. பேசுங்க."

இப்போது அது சரியான இடத்தில் இருந்தது. ஓசுமி முற்றத்தில் மீன் காயப்போடுகிறாள். ஜின்பெய் வருகிறான். எதிரிகள் வருகிறார்கள், கிடங்குக்குள் போ என்கிறான். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையிலிருந்த ஈரத்தைத் துணியில் துடைத்துக்கொள்கிறாள். அவன் சொன்னால் சரிதான் என்று உள்ளே போகிறாள். தாழ் விழுகிறது.

பேச எனக்கு எவ்வளவோ இருந்தது. ஒளியைப் பற்றி, அந்தக் காலத்துக் கடலோர ஊர்களைப் பற்றி. எல்லாம் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

கண்ணாடி வழியாக எஸ்தரைப் பார்த்தேன். அவள் கை நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ரீல் முடியும்வரை அவள் அதை நிறுத்தவில்லை.